புத்தருக்கு ஏன் சுருட்டை முடி? ஒரு பழைய கடன்

என் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, கேட்டவர்களுக்கு நன்றி. இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் ஏதாவது வைத்துவிட்டுப் படிக்காதீர்கள்.

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவன், இப்போது ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். பேரன் பேத்தி எடுக்கப்போகிற வயதில் இருக்கிறவனைப் பெயர் சொல்லி எழுதினால் கோபித்துக்கொள்வான், விட்டுவிடுகிறேன். அம்மாவைக் காசிக்கு அழைத்துப் போனவன், பக்கத்தில் இருக்கும் சாரநாத்துக்கும் போயிருக்கிறான். அங்குள்ள அருங்காட்சியகத்துப் புத்தரின் படத்தை அனுப்பி, கீழே இப்படி எழுதியிருந்தான்: "டீச்சர், மொட்டை அடிச்சவருக்கு இவ்ளோ முடி எப்படி வந்துச்சு? இப்பவாவது சொல்லுங்க."

"இப்பவாவது" என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது.

1991 என்று நினைக்கிறேன். சித்தார்த்தர் நள்ளிரவில் அரண்மனையை விட்டுப் போன கதையை வகுப்பில் கொஞ்சம் உருக்கமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். அனோமா நதியைத் தாண்டி, வாளை எடுத்து, தன் முடியைத் தானே வெட்டி எறிந்தார் என்று முடித்தபோது இவன் எழுந்து நின்றான். "முடியை வெட்டிட்டாருன்னு சொன்னீங்க டீச்சர், புஸ்தகத்துல படத்துல சுருட்டை சுருட்டையா இருக்கே?" வகுப்பே சிரித்தது. கேலிக்குக் கேட்கிறான் என்று எனக்குத் தோன்றியது. அதைவிட முக்கியம், எனக்குப் பதில் தெரியாது. "உட்காருடா, சிலைன்னா அப்படித்தான் இருக்கும்" என்றேன். அந்த வருஷம் அவன் மறுபடி எழுந்து கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அதனால் இந்தப் பதிவு அவனுக்கு. நீங்கள் எல்லோரும் கூட உட்கார்ந்து கேளுங்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவன் கேட்டது சரியான கேள்வி. பழைய பாலி நூல்களில், தலைமுடியையும் தாடியையும் மழித்துவிட்டு வீட்டை விட்டுப் போனதாகப் புத்தரே சொல்கிறார். யாகம் முடித்த ஒரு பிராமணர் மீதி அவிசைக் கொடுக்க ஆள் தேடி வந்து, தலையைப் போர்த்தி உட்கார்ந்திருந்தவர் போர்வையை விலக்கியதும், "அட, மொட்டைத் தலையர்" என்று திரும்பிப் போகப் பார்த்த கதையும் உண்டு. அந்தத் தலை புத்தருடையது. இன்னொரு கதையில் மகத அரசன் அஜாதசத்ரு இரவில் யானைகள் சூழ ஜீவகனின் மாந்தோப்புக்குப் போகிறான். அங்கே பிக்குகள் கூட்டமாக, சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களில் புத்தர் யார் என்று அரசன் கேட்க, ஜீவகன் சுட்டிக் காட்டுகிறான். தலையில் சுருட்டை முடியும் கொண்டையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தால் அரசன் கேட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லையே!

அப்படியென்றால் சிலைக்கு முடி எங்கிருந்து வந்தது? அதற்கு முன்னால், சிலையே எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும்.

புத்தர் மறைந்து சுமார் ஐந்நூறு ஆண்டுகள் அவருக்கு மனித உருவில் சிலை இல்லை. நமக்குக் கிடைத்த வரையில் அதுதான் நிலை. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பர்ஹுத் தூபியின் கல்வேலியை மத்தியப் பிரதேசத்தில் 1873இல் அலெக்சாண்டர் கன்னிங்காம் கண்டெடுத்தார். பெரும்பகுதி இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு நானும் வீட்டுக்காரரும் போய்ப் பார்த்தோம். அவர் பத்து நிமிஷத்தில் பெஞ்சு தேடிப் போய்விட்டார், நான் இரண்டு மணி நேரம் நின்றேன். அந்த வேலியின் ஒரு தூணில், மேலே சொன்ன அஜாதசத்ருவின் கதையே இருக்கிறது. யானைகள் இருக்கின்றன, கைகூப்பி மண்டியிட்ட அரசன் இருக்கிறான். அவன் வணங்கும் இடத்தில் ஒரு காலி ஆசனமும் இரண்டு பாதச் சுவடுகளும். "அஜாதசத்ரு பகவானை வணங்குகிறான்" என்று பிராகிருதத்தில் எழுத்தும் பொறித்திருக்கிறார்கள். பெயர் இருக்கிறது, ஆளைக் காணோம்.

அதே தூணில் இன்னொரு காட்சி. தேவலோகத்தில் தாய்க்கு உபதேசம் செய்துவிட்டுப் புத்தர் ஏணியில் இறங்கி வருகிறார். சிற்பி என்ன செய்தார் தெரியுமா? ஏணியின் மேல்படியில் ஒரு காலடி, கீழ்ப்படியில் ஒரு காலடி. அவ்வளவுதான். இறங்கி வந்துவிட்டார்!

சாஞ்சியில் கிழக்குத் தோரண வாயிலில் அந்த நள்ளிரவுப் பயணம் இருக்கிறது. கந்தகன் என்ற குதிரை ஒரே பலகையில் திரும்பத் திரும்ப வருகிறது. குளம்பொலி கேட்காமல் இருக்கத் தேவகணங்கள் அதன் கால்களைத் தாங்குகிறார்கள். குதிரையின் முதுகில் யாரும் இல்லை, ஆனால் மேலே குடை பிடித்திருக்கிறார்கள். பலகையின் வலக்கோடியில் பாதச் சுவடுகள், அவற்றின் மேலும் குடை. அங்கிருந்து குதிரை திரும்பி வரும்போது அதன் மேல் குடை இல்லை. சாஞ்சிக்கு நான் போனதில்லை. புத்தகப் படத்திலேயே அந்தக் குடையில்லாத குதிரையைப் பார்த்தால் தொண்டை அடைக்கிறது.

இந்த மாதிரிப் பலகைகள் புத்தரின் வாழ்க்கையைக் காட்டவே இல்லை, பின்னாளில் மக்கள் போதிமரத்தையும் புனிதத் தலங்களையும் போய் வழிபட்டதைத்தான் காட்டுகின்றன என்று சூசன் ஹண்டிங்டன் என்ற அமெரிக்க அறிஞர் 1990இல் எழுதினார். பெரிய சண்டை நடந்தது. சில பலகைகளுக்கு அவர் சொல்வது பொருந்துகிறது. குடை பிடித்த வெறும் குதிரைக்கு எனக்கென்னவோ பொருந்தவில்லை.

சரி, முடிக்கு வருகிறேன். பர்ஹுத்தின் அதே தூணில் தேவர்களின் சபை ஒன்று இருக்கிறது. தேவர்கள் கூடி, அப்சரஸ்கள் ஆட, ஒரு திருவிழா நடக்கிறது. என்ன திருவிழா? பகவானின் சூடா, அதாவது உச்சிக் குடுமிக்கு விழா என்று எழுத்தே இருக்கிறது. சித்தார்த்தர் வெட்டி ஆகாயத்தில் எறிந்த குடுமியை இந்திரன் ஏந்திப் போய்த் தேவலோகத்தில் வைத்து வழிபட்டான் என்பது கதை. ஆக, புத்தரின் முகத்தைச் செதுக்காத காலத்திலேயே அவருடைய முடிக்குப் பூஜை நடந்திருக்கிறது! வகுப்பில் சிரித்தவர்கள் கவனிக்க.

பிறகு கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளில், குஷாணர் காலத்தில், இரண்டு ஊர்களில் புத்தருக்கு மனித உருவம் வந்தது. ஒன்று காந்தாரம், இன்றைய பெஷாவர் வட்டாரம். இன்னொன்று யமுனைக் கரையில் மதுரா.

காந்தாரத்தில் கரிய சாம்பல் நிறக் கல். கிரேக்க, ரோமானியச் சிற்ப வழிகள் பழகிய பூமி அது. அங்கே புத்தருக்கு நீண்ட மூக்கு, இரண்டு தோளையும் மூடிய கனமான மடிப்பு மடிப்பான ஆடை, சில சிலைகளில் மீசைகூட உண்டு. தலைமுடி அலை அலையாக மேலே வாரி உச்சியில் முடிச்சுப் போட்டிருக்கும். ராஜகுமாரன் மாதிரி. லாகூர் அருங்காட்சியகத்தில் விலா எலும்பும் நரம்பும் தெரிய, வயிறு முதுகோடு ஒட்டிப்போன பட்டினிச் சித்தார்த்தர் இருக்கிறாரே, அவரும் காந்தாரத்தவர்தான்.

மதுராவில் வெள்ளைப் புள்ளி விழுந்த சிவப்பு மணற்கல். கத்ரா என்ற இடத்தில் கிடைத்த சிலையை மதுரா அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். நல்ல வாட்டசாட்டமான ஆள், அகன்ற மார்பு, சிரித்த முகம், திறந்த கண், வலது கை அபயம் காட்டுகிறது. வலது தோள் திறந்திருக்கிறது. தலையைப் பாருங்கள்: வழவழவென்று இருக்கும், உச்சியில் மட்டும் நத்தை ஓடு மாதிரி ஒரே ஒரு சுருள். கிட்டத்தட்ட மொட்டைத் தலைதான். நம்ம பையன் அன்றைக்கு இந்தச் சிலையின் படத்தைப் பார்த்திருந்தால் கேள்வியே வந்திருக்காது. இதை நிறுவியவர் புத்தரக்ஷிதன் என்பவரின் தாயார் அமோகாசி என்று பீடத்தில் எழுதியிருக்கிறது.

இங்கே என் இன்னொரு தப்பையும் திருத்தியாக வேண்டும். "ஹீனயானத்தார் உருவத்தை வணங்கவில்லை, மகாயானம் வந்ததும் சிலை வந்தது" என்று முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். நீங்களும் எழுதி மார்க் வாங்கினீர்கள். விஷயம் அவ்வளவு சுலபமில்லை. கனிஷ்கரின் 3ஆம் ஆட்சியாண்டில் பலா என்ற பிக்கு மதுராவில் செய்த ஒரு பெரிய சிலையைச் சாரநாத்தில் நிறுவினார். ஆளுயரத்துக்கும் மேலே, கால்களுக்கு நடுவே ஒரு சின்னச் சிங்கம், தனியாக ஒரு பிரம்மாண்டமான கல்குடை. அந்தக் கல்வெட்டில் பலாவும், புத்தமித்ரா என்ற பிக்குணியும் திரிபிடகம் கற்றவர்கள் என்று இருக்கிறது. மகாயானம் என்ற பேச்சே இல்லை. அந்த அம்மாள் அதற்கு முந்தைய ஆண்டிலேயே கௌசாம்பியில் ஒரு சிலை நிறுவியவர். பழைய நூல்களை முறையாகப் படித்த துறவிகளே முதல் சிலைகளை வைத்திருக்கிறார்கள், அதிலும் பெண்கள் முன்னால் நின்றிருக்கிறார்கள். இதையெல்லாம் பாடம் நடத்தும்போது தெரிந்திருந்தால் பெண் பிள்ளைகளிடம் எவ்வளவு சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன்!

புத்தருக்கு முதலில் உருவம் கொடுத்தது யார், கிரேக்க வழியில் வந்த காந்தாரமா, நம் மண்ணின் யக்ஷர் சிலைகளைப் பார்த்து வளர்ந்த மதுராவா என்று நூறு வருஷத்துக்கு முன் ஒரு வழக்கு நடந்தது. பிரெஞ்சு அறிஞர் ஃபூஷே கிரேக்கக் கட்சி. எதிர்க்கட்சிக்கு வாதாடியவர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்தவர், தந்தை முத்து குமாரசுவாமி இலங்கைத் தமிழர், தாய் ஆங்கிலேயர். அமெரிக்காவில் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருந்துகொண்டு 1927இல் புத்தர் உருவத்தின் தோற்றம் பற்றி அவர் எழுதிய கட்டுரை பிரசித்தம். ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு இடத்திலும் தனித்தனியாகச் சிலை செய்யத் தொடங்கினார்கள் என்பதுதான் இன்றைக்குப் பலருடைய முடிவு.

அதே குமாரசுவாமி மறு வருஷம், 1928இல், இன்னொரு கட்டுரை எழுதினார். தலைப்பே புத்தரின் குடுமி, முடி, உஷ்ணீஷம், மகுடம் பற்றியது. ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்டதும் நான் உட்காரச் சொன்னதும், இவ்வளவு பெரிய மனிதர் உட்கார்ந்து எழுதிய விஷயம். இது எனக்குத் தெரிய வந்தது ரிட்டயர் ஆகி நாலு வருஷம் கழித்து.

விஷயம் இதுதான். மகாபுருஷருக்கு 32 லட்சணங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் ஒன்று உஷ்ணீஷ சிரசு. உஷ்ணீஷம் என்றால் தலைப்பாகை. தலைப்பாகை கட்டினாற்போல் எடுப்பான தலை என்று பொருள். உடம்பில் உள்ள ரோமங்கள் வலப்பக்கமாகச் சுழித்திருக்கும் என்பதும் பட்டியலில் உண்டு. காந்தாரத்தின் கொண்டையும், மதுராவின் நத்தைச் சுருளும் காலப்போக்கில் ஒன்றாகி, உச்சியில் ஒரு மேடு, தலை முழுக்கச் சின்னச் சின்ன வலஞ்சுழிச் சுருள்கள் என்று நிலைத்துவிட்டது. முன்பு முடிச்சாக இருந்ததை மண்டையின் மேடாகவே ஆக்கிவிட்டார்கள். ஜாதகக் கதைகளுக்கு முன்னுரையாக உள்ள நிதானகதை ஒரு சமாதானமும் சொல்கிறது: வாளால் வெட்டியபின் எஞ்சிய முடி இரண்டு அங்குலமாகி, வலப்பக்கம் சுருண்டு தலையோடு ஒட்டிக்கொண்டது, ஆயுசு முழுவதும் அது வளரவே இல்லை. சிலையைப் பார்த்து யாரோ ஒரு பையன் கேள்வி கேட்டிருப்பான், அதற்குப் பதிலாக இந்தக் கதை பிறந்திருக்கும் என்பது என் ஊகம். வெயிலில் தியானம் செய்தவரின் தலையை 108 நத்தைகள் ஏறி மூடிக்கொண்டன என்று இன்னொரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கேட்க அழகாக இருக்கிறது, பழைய நூல்களில் தேடாதீர்கள்.

இப்போது அவன் அனுப்பிய படம். கி.பி. 5ஆம் நூற்றாண்டு, குப்தர் காலம், சுனார் மணற்கல். மதுராவின் திறந்த கண் இதில் பாதி மூடிவிட்டது. ஆடை உடம்போடு ஒட்டி, மடிப்பே இல்லை. விரல்களால் தர்மச்சக்கரம் சுழற்றுகிறார். பீடத்தில் நடுவே சக்கரம், இரண்டு பக்கமும் மான்கள், முதல் உபதேசம் கேட்ட ஐந்து சீடர்கள். அந்தச் சீடர்களின் தலையைப் பெரிதாக்கிப் பாரடா தம்பி. மழித்த தலைகள். மொட்டை அடித்தவர்கள் கீழே இருக்கிறார்கள், மேலே இருப்பவர் வேறு என்று காட்டத்தான் முடி. அஜாதசத்ரு மறுபடி வந்தால் யாரிடமும் கேட்க வேண்டாம்.

இந்தச் சாரநாத்து முகம்தான் பிறகு பல தேசங்களுக்கும் போனது. நாட்டுக்கு நாடு மூக்கும் கண்ணும் மாறின. ஜப்பானில் கமகுராவில் 13ஆம் நூற்றாண்டில் வார்த்த பெரிய வெண்கலச் சிலை வரை, சுருள் முடி மாறவில்லை. புதுமனை புகுவிழாவுக்கு நீங்கள் வாங்கிக் கொடுக்கிறீர்களே, தொந்தியைத் தள்ளிக்கொண்டு சிரிக்கிற புத்தர், அவர் நன்றாக மழித்த மொட்டை. ஆனால் அவர் புத்தரே இல்லை. புதாய் என்ற சீனத் துறவி, கி.பி. 10ஆம் நூற்றாண்டுக்காரர், வரப்போகும் மைத்ரேயரின் அவதாரம் என்று சீனர்கள் நம்பினார்கள். எங்கள் வீட்டு டிவி மேலேயும் ஒன்று இருக்கிறது, மைத்துனர் கொடுத்தது. அவர் இதைப் படிப்பார், ஆகவே மேலே ஒன்றும் சொல்லவில்லை.

நம் பக்கம் வாருங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு உங்களில் இரண்டு பேட்ச்சை அழைத்துப் போயிருக்கிறேன். கிருஷ்ணா நதிக்கரை அமராவதியிலிருந்து வந்த வட்டச் சிற்பம் ஒன்று அங்கே உண்டு. நளகிரி என்ற மதயானை தெருவில் ஆட்களைத் துவம்சம் செய்கிறது. பெண்கள் மாடத்திலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். அதே யானை வலப்பக்கம் புத்தரின் காலடியில் மண்டியிடுகிறது. அமராவதியில் காலி ஆசனமும் உண்டு, மனித உருவமும் உண்டு. ஒன்று வந்ததும் மற்றது உடனே ஓடிவிடவில்லை.

அங்கேயே வெண்கலக் கூடத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர்கள். ஸ்ரீவிஜய அரசர் மாரவிஜயோத்துங்கவர்மர் தம் தந்தை பெயரால் நாகையில் எடுத்த சூடாமணி விகாரத்துக்கு, ஆனைமங்கலம் ஊரை ராஜராஜ சோழர் பள்ளிச்சந்தமாகக் கொடுத்ததைப் படித்திருக்கிறீர்கள். நாகையில் 1856 முதல் சுமார் 350 பௌத்தச் சிலைகள் மண்ணிலிருந்து கிடைத்தன. பெரும்பாலும் சின்னவை, கையில் எடுத்துப் போகிற அளவு. அவற்றில் புத்தரின் சுருள் முடிக்கு மேலே தீக்கொழுந்து மாதிரி ஒரு சுடர் இருக்கும். இலங்கையிலும் தாய்லாந்திலும் அதே சுடரைப் பார்க்கலாம். கடல் வழியாகப் போய் வந்த தொடர்பு அது. சுடர் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று சண்டை போடுபவர்கள் போடட்டும்.

கடைசியாகச் சேலம். கோட்டை சாலை அருகே தலைவெட்டி முனியப்பன் கோயில். அந்த ஊர்ப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் நிதானமாகப் படியுங்கள். அந்தச் சிலை புத்தர் என்று வழக்குத் தொடர்ந்து, உயர்நீதிமன்றம் தொல்லியல் துறையை ஆராயச் சொன்னது. தலை உடைந்து பின்னால் சிமெண்ட் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. தாமரை பீடம், மடியில் தியானக் கைகள், நீண்ட காது, அப்புறம் சுருள் முடியும் உஷ்ணீஷமும். இவற்றை வைத்துப் புத்தர்தான் என்று அறிக்கை கொடுத்தார்கள், 2022இல் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே முனியப்பன் என்று கும்பிட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கும்பிட்டதால்தான் அந்தக் கல் மிஞ்சியது. எத்தனையோ புத்தர்கள் வயல் வரப்பிலும் குளக்கரையிலும் கிடந்து துணி துவைக்கிற கல்லாகப் போயிருப்பார்கள். ஆனால் பெயர் பெயர்தான், அதைத் திருப்பிக் கொடுத்தது நியாயம் என்றே எனக்குப் படுகிறது.

மொட்டை அடித்த மனிதருக்கு இல்லாத முடியை யாரோ ஒரு சிற்பி வைத்தார். அந்த முடிதான் கோர்ட்டில் சாட்சி சொல்லியிருக்கிறது.

தம்பி, பதில் வர முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்றைக்கு உட்காரச் சொன்னது என் தப்பு. நீ சாரநாத்தில் பலாவின் சிலையைப் படம் எடுத்தாயா? எடுத்திருந்தால் தலைப்பகுதியை மட்டும் பெரிதாக எடுத்ததை அனுப்பு, எனக்கு நல்ல படம் கிடைக்கவில்லை. அம்மாவின் கால்வீக்கம் இப்போது எப்படி இருக்கிறது என்றும் எழுது.